ஊருக்கு ஒரு டிக்கெட்

'12.3.2058. நேற்றைய பதிவில் ஒரு சின்னப் பிழை. பஸ் நம் ஊரில் நிற்காமல் போனது கோளாறு என்று எழுதிவிட்டேன். கோளாறு இல்லை.'

மாலை வகுப்பு முடிந்து வந்த செண்பகவல்லி இன்றுதான் விசாரித்திருந்தாள். ஆறு மாதமாக யாரும் பெயர் சொல்லிக் கேட்காத நிறுத்தத்தை, ஆளில்லா பஸ் பட்டியலிலிருந்து எடுத்துவிடுமாம். நூறு பேர் கேட்டால் மறுபடி நிற்குமாம்.

நேற்று டயாலிசிஸ் முடிந்து வரும்போது, ஊரைத் தாண்டி இறங்கி, நெடுஞ்சாலையோரம் நான்கு கிலோமீட்டர் நடந்த அம்மாவின் கால் வீங்கியிருந்தது. நாளை மறுநாள் மறுபடி போக வேண்டும்.

"என்னம்மா சொல்லி ஏறின?"

"ஊருக்குன்னுதான். எந்த ஊருன்னு கண்டக்டர் என்னைக்குடி கேட்டாரு?"

"இப்ப கண்டக்டர் இல்லம்மா."

"அதான் தெரியுதே. இருந்தா மூஞ்சியப் பாத்தே இறக்கிவிட்டிருப்பாரு."

செண்பகவல்லி தான் எழுதிவரும் ஊர் வரலாற்றைப் புரட்டினாள். சாலை வந்தது, லாரிப் பட்டறைகள் வந்தது, கோயில் கொடை என்று எண்பது பக்கம். எல்லாவற்றிலும் 'நம் ஊர்' என்றே இருந்தது. பெயர் ஓரிடத்திலும் இல்லை.

இன்று எழுதிய திருத்தத்துக்குக் கீழே எழுதினாள்:

'நானும் எழுதவில்லை. ஈச்சங்குறிச்சி.

நாளை: சைக்கிளில் டவுன் பஸ் நிலையம் போய், நம் ஆட்கள் ஒவ்வொருவரையும் இந்தப் பெயரைச் சொல்லி ஏறவைக்க வேண்டும். கிளம்புமுன் அம்மாவையும் அதைச் சொல்லப் பழக்க வேண்டும்.'