வெறும் தாளில் ஒரு வரி

மம்சாபுரத்தில் விளக்கு வைக்கும் நேரம். தினம் ஒரு கவிதையாவது படிப்பது என்று இந்த வருஷம் முடிவெடுத்த கனகலட்சுமி, இன்றையதை சத்தமாக வாசிக்கிறாள். அதை வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பச் சொன்னவன், எல்லையில் ராணுவக் காவல் பணியில் இருக்கும் அவள் கணவன் பாண்டிதுரை. முந்தாநாளிலிருந்து அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. அழைத்தாலும் போகவில்லை. மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்க, புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "போனவன் இன்னும் திரும்பவில்லை" என்று வாசிக்கிறாள். தீக்குச்சி உரசிய மாமியார் மாடத்தியின் கை விளக்கருகே அப்படியே நிற்கிறது. "ஏட்டி, விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுத?" குச்சி விரல் வரை எரிந்து அணைகிறது. ஃபோன் எல்லாவற்றையும் பதிவுசெய்துகொண்டிருக்கிறது. மாடத்தி அடுத்த குச்சியை எடுக்கவில்லை. "அடுத்த வரியில வந்துருவான்லா?" கனகலட்சுமி குனிந்து பார்க்கிறாள். அதுதான் கடைசி வரி. கீழே பாதிப் பக்கம் வெறும் தாள். "ஆமா அத்தை, வாரான்" என்கிறாள். விரலை அந்த வெள்ளையில் ஊன்றி, எழுத்துக்கூட்டுகிறவள் போல மெதுவாக வாசிக்கிறாள்: "அவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறான்."