ஹிண்டாவின் தங்கை

"ஏப்ரனைக் கழட்டு, ஃப்ரூமா. உள்ளே விட முடியாது."

பெய்லா கதவை மறித்து நின்றாள்.

"முப்பது வருஷமா இந்த ரூம்ல நான் குளிப்பாட்டாத உடம்பா?"

"இன்னிக்கு உள்ளே இருக்கிறது உன் அக்கா. கூடப் பொறந்தவங்க தொடக் கூடாது. எனக்கே இதைச் சொல்லிக் குடுத்தது நீதான்."

வின்னிபெக் நகரில் எந்த யூதப் பெண் இறந்தாலும், அடக்கத்துக்கு முன் உடலைக் குளிப்பாட்ட முதல் போன் ஃப்ரூமாவுக்குத்தான். சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வருவாள். "செத்தவங்களால திருப்பிச் செய்ய முடியாது. அதனால இதுதான் நிஜமான உதவி. நான் பொறந்ததே இதுக்குத்தான்" என்பாள்.

வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஷிஃப்ரா திரும்பினாள். ஹிண்டா படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் தினம் சூப் கொண்டுபோனவள் அவள்தான்.

"நாலு தெரு தள்ளி வீடு. ஒரு தடவை எட்டிப் பார்த்தீங்களா? கதவைத் தட்டினாலே 'ஃப்ரூமாவா?'ன்னு கேப்பாங்க. நான்னு தெரிஞ்சதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்குவாங்க. என் சூப்பு என்ன அவ்வளவு மோசமா?"

"அம்மா சாவுல போட்ட சண்டை. அப்புறம் போய் என்ன பேசறது? நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு..."

"செத்தவங்க எதிர்த்துப் பேச மாட்டாங்க. உங்களுக்கு அது வசதி."

ஃப்ரூமா ஏப்ரன் முடிச்சில் கை வைத்தாள், அவிழ்க்கவில்லை.

"பெய்லா, கடைசியில செத்தவங்க பேர் சொல்லி அவங்ககிட்ட மன்னிப்புக் கேப்போமே, அதுக்காவது கூப்பிடு. ஓரமா நிக்கறேன். இனிமே அவகிட்ட வேற எப்பக் கேக்கறது?"

"வேண்டாம். போய் உட்காரு."

கதவு மூடியது.

உள்ளே, வழக்கம்போல், யாரும் பேசவில்லை. இன்னும் இரண்டு பெண்கள் கைகொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றித் துடைத்தார்கள். வெள்ளைத் துணி உடுத்தினார்கள். பெட்டியில் கிடத்தி மூடினார்கள்.

பெய்லா தலைமாட்டில் நின்றாள்.

"யோசேப்பின் மகள் ஹிண்டா..."

ஷிஃப்ரா கையைத் தூக்கினாள். பெய்லா நிறுத்தினாள்.

ஷிஃப்ரா போய்க் கதவை முழுக்கத் திறந்துவைத்துவிட்டு, தன் இடத்துக்கு வந்து நின்றாள். வெளியே ஃப்ரூமா ஏப்ரனோடு நின்றுகொண்டிருந்தாள்.

பெய்லா மறுபடி பெயரிலிருந்து ஆரம்பித்தாள், ஒவ்வொரு சொல்லாக, வெளியே நிற்பவள் திருப்பிச் சொல்ல இடம் விட்டு, நிறுத்தி நிறுத்தி.