சும்மா பார்க்க வந்தவன்

ஸ்டாக்ஹோமில் ஒரு காபிக்குக் கொடுக்கும் காசில், ருய் தன் ஊரான போர்ட்டோவில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிடுவான். வந்த அன்றே அது புரிந்துபோனது. அதற்காகத் திரும்பிவிட முடியுமா? "மூணு வாரம் தனியா சுத்திட்டுத்தான் வருவேன்" என்று வீட்டில் சவால் விட்டுவிட்டு வந்தவன் ஆயிற்றே!

தங்கியிருந்த மலிவு விடுதியில் காலை பத்து மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பிப் பூட்டிவிடுவார்கள். திறப்பது நாலு மணிக்கு. நவம்பர் குளிரில் அதுவரை எத்தனை பாலத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருவது?

முதல் ஞாயிற்றுக்கிழமை வழி கிடைத்தது. விற்பனைக்கு வந்த வீட்டை யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். வாசலில் பெயரும் போன் நம்பரும் எழுதி, ஷூவுக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டால் போதும். உள்ளே கதகதப்பு. சமையலறை மேஜையில் சூடான காபி, ஏலக்காய் பன். அட, இதைவிட என்ன வேண்டும்!

ஆனால், சும்மா வந்தவன் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே. சுவரைத் தட்டிப் பார்த்தான். குளியலறைக் குழாயைத் திறந்து மூடினான். ஜன்னலை ஜாண் போட்டு அளந்தான். நிஜமாகவே வீடு வாங்க வந்த இளம் ஜோடிகள் அவனை முறைத்துக்கொண்டே வழிவிட்டார்கள்.

எல்லாத் தரகர்களும் பன் வைப்பதில்லை. அன்னெலி என்ற நடுத்தர வயதுப் பெண்மணி வைப்பாள். அதனால் ருய் அவள் காட்டும் வீடுகளாகத் தேடித் தேடிப் போனான். இரண்டு வாரத்தில் ஐந்து வீடு. அவன் உள்ளே நுழையும்போதெல்லாம் அன்னெலி அவனை ஏற இறங்கப் பார்ப்பாள். பிறகு தன் நோட்டில் எதையோ குறித்துக்கொள்வாள்.

சனிக்கிழமை காலை, கெல்ட் என்ற பக்கத்துக் கட்டில்காரன் பேப்பரும் கையுமாக வந்தான்.

"கேட்டியாடா? விக்க வச்ச வீடுகள்ல வரிசையா திருட்டாம். வாங்கற மாதிரி வந்து நோட்டம் விட்டுட்டுப் போறானாம் ஒருத்தன். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தா உடனே போலீசுக்குச் சொல்லணும்னு தரகர்களுக்கெல்லாம் உத்தரவாம்!"

இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று ருய் முடிவு செய்தான்.

மறுநாள் பனியும் மழையுமாகக் கொட்டியது. பாழாய்ப் போன கால் தானாகவே ஆறாவது வீட்டுக்குப் போய் நின்றது.

எல்லோரும் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். ருய்யும் நழுவப் பார்த்தான்.

"நீங்க கொஞ்சம் இருங்க" என்றாள் அன்னெலி. கதவைச் சாத்தினாள். "ருய்தானே உங்க பேரு? நான் காட்டற வீடு ஒண்ணு விடாம வந்துடறீங்க."

"வீடு... தேடிட்டிருக்கேன் மேடம்."

"யார்கிட்ட கதை விடறீங்க? ஷூவுல ரெண்டு ஓட்டை. இதைப் போட்டுக்கிட்டு இந்தத் தெருவுல வீடு வாங்கப் போறீங்களாக்கும்!"

ருய் உடைந்துபோனான்.

"சத்தியமா நான் எதையும் திருடல மேடம்! பன்னு மட்டும்தான் தின்னேன். வெளியில குளிர் தாங்க முடியல, அதான். தயவுசெஞ்சு போலீசுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. வர்ற வியாழக்கிழமை இந்த நாட்டை விட்டே போயிடறேன். உங்க கண்ணுலயே பட மாட்டேன்!"

அன்னெலியின் முகம் வெளுத்தது. "வியாழக்கிழமையா? அய்யய்யோ, நீங்க போகக் கூடாது!"

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுக்கப் போனவன் கையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்க! முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க."

"போ... போலீஸா மேடம்?"

"நீங்க வேற! நீங்க பார்த்த அஞ்சுல முதல் வீட்டை வாங்கினவர். வீடு வித்து முடிஞ்சதும், யார் யார் போட்டிக்கு வந்து விலை கேட்டாங்கன்னு பேரும் நம்பரும் போட்டு வாங்கினவருக்கு லிஸ்ட் குடுக்கணும், அது இங்க சட்டம். அந்த மனுஷனுக்கு என் மேல சந்தேகம் வந்துடுச்சு. காலையில இருந்து லிஸ்ட்ல இருக்கறவங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் போட்டு விசாரிச்சுக்கிட்டிருக்கார்."

போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அன்னெலி இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"உங்களுக்குப் புண்ணியமா போகும், 'ஆமா, நான்தான் கேட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், அஞ்சு வீட்டுக்கும் நான் உங்க பேர்லதான் விலையை ஏத்திவிட்டிருக்கேன்!"