கடைசி வீட்டுக் குழாய்

லாரியில் கடைசியாக என் தையல் மெஷினை ஏற்றினார்கள். தெருவில் ஓர் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தெருப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு போகிற பள்ளிச் சீருடையில் பாதி நான் தைத்தது. 'போயிட்டு வா' என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடவா வாய் வலிக்கிறது?

சரிதான், இது தண்ணீர் வரும் நேரம். அவரவர் மோட்டார் அவரவருக்கு.

நாங்கள் குடிவந்த புதிதில் எதிரே வெறும் பொட்டல். அப்புறம் வீட்டை ஒட்டி வீடு, மாடிக்கு மேல் மாடி. மண்ணுக்கடியில் இருப்பது மட்டும் அன்றைக்குப் போட்ட அதே குழாய். இரண்டு வருடமாக மழையும் கையை விரித்துவிட்டதால், தண்ணீர் விடும் நேரத்தையும் சுருக்கிவிட்டார்கள். ஆளாளுக்குக் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்ச ஆரம்பித்தார்கள்.

எங்களுடையது தெருவின் கடைசி வீடு. எங்களுக்கு வருவது வெறும் காற்றுதான். அதுகூட வருவதில்லை, போகும். எல்லா மோட்டாரும் ஓடும்போது எங்கள் குழாயில் விரலை வைத்தால் விரலையே உள்ளே இழுக்கும்.

நாங்களும் ஒரு மோட்டார் வாங்கி மாட்டினோம். காற்றை உறிஞ்சி உறிஞ்சி அது புகைந்து போனதுதான் மிச்சம். வாசலில் இடுப்பளவு பள்ளம் தோண்டிக் குழாயை இறக்கியும் பார்த்தோம். ஊஹூம்.

தைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு, தெருத் தெருவாகக் குடம் சுமந்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்து ஒருநாள் சொல்லிவிட்டார்.

"போதும். கிணறு இருக்குற வீடா பார்த்துட்டேன்."

ஊருக்கு வெளியே, பஸ் மாறிப் போக வேண்டிய இடம். அங்கே யார் என்னை நம்பித் துணி கொடுப்பார்கள்? மகளுக்குப் பள்ளிக்கூடமும் மாற்ற வேண்டும். அழுது பார்த்தேன். சண்டை போட்டுப் பார்த்தேன். மனிதர் பிடித்தால் பிடித்த பிடி. லாரியே வந்துவிட்டது.

பின்கதவைச் சாத்திக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது வாசல் பள்ளத்தில் தகரச் சத்தம் கேட்டது.

குழாய்க்கு அடியில் நாங்கள் கவிழ்த்து வைத்திருக்கும் தகர மூடி. எங்கள் வீட்டில் குழாயை மூடுகிற பழக்கமே கிடையாது. மூடிவிட்டால் தண்ணீர் வந்தது எப்படித் தெரியும்? கிளம்புகிற அவசரத்தில் இன்றும் திறந்தபடியே கிடந்தது.

ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. புஸ்ஸென்று காற்று. அப்புறம் சடசடவென்று கொட்டியது.

"கரன்ட் போயிருச்சு!" என்று கத்தினேன்.

கடைசி வீட்டுக்காரிக்குத்தான் தெரியும் அந்தச் சந்தோஷம். கரன்ட் போனால் மோட்டாரெல்லாம் நிற்கும். மோட்டார் நின்றால் எங்களுக்கும் நாலு குடம் கிடைக்கும்.

கயிற்றிடுக்கில் கையை விட்டு இரண்டு குடங்களை உருவினேன். ஒன்றைப் பிடித்தேன், இன்னொன்றைக் குழாய்க்கு அடியில் வைத்தேன், பிடித்ததைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வழக்கமான மூலையில் இறக்கினேன்.

"ஏய், வீட்டைக் காலி பண்ணிட்டோம்டி! யாருக்குத் தண்ணி பிடிக்கிற?" என்றார் என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து. லாரி டிரைவர் சிரித்தேவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துடைத்துவிட்ட மாதிரி இருக்கிற வீட்டில், ஒரு குடம் தண்ணீரும் நானும். அசட்டுத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா!

கழுத்து வியர்வையில் சில்லென்று காற்று பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டு ஓனருடைய ஃபேன், காலையில் கூட்டிப் பெருக்கும்போது நான் போட்டது.

அட, கரன்ட் இருக்கிறதே!

வெளியே வந்து காது கொடுத்தேன். இந்த நேரத்துக்குத் தெருவே மாவு மில் மாதிரி உறுமிக்கொண்டிருக்கும். இன்று ஒரு மோட்டார் ஓடவில்லை. இருந்த கோபத்தில் இவ்வளவு நேரம் அது என் காதில் ஏறவே இல்லை.

பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போனேன். அந்த அக்காவும் நானும் போன வாரம்தான் இதே மோட்டாருக்காக வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டோம். அதற்கப்புறம் முகத்தில் முழிக்கவில்லை.

உள்ளே அக்கா மோட்டார் ஸ்விட்சை முதுகால் மறைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக நின்றிருந்தார். எதிரே அவருடைய வீட்டுக்காரர் தோளில் துண்டோடு, குளிக்க வழியில்லாமல் முழித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தும் அக்கா இடத்தை விட்டு அசையவில்லை.

"நீ லாரி பேசிட்டன்னதும் நேத்து எல்லாரும் கூடிப் பேசினோம். கடைசி வீடு வரைக்கும் தண்ணி ஏறுமான்னு தெரியல, அதான் உன்கிட்ட சொல்லிக்கல. இனிமே நீ பிடிச்சு முடிச்சாத்தான் நாங்க ஸ்விட்ச் போடுவோம். வந்துச்சா?"

பதில் சொல்வதற்குள் அடுத்த ஜன்னலிலிருந்து ஒரு குரல், "வந்துச்சாம்மா?" அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து, "என்னாச்சு, வந்துச்சா இல்லையா?" ஜன்னல் ஜன்னலாகத் தெருமுனை வரைக்கும் அதே கேள்வி. ஒருத்தர்கூட வாசலுக்கு வரவில்லை. அத்தனை பேரும் ஸ்விட்சுக்குக் காவல் நிற்கிறார்கள்! இவர்களைத்தான் காலையிலிருந்து மனசுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "வந்துருச்சு! குடம் நிரம்பி வழியுது!"

திரும்பினால், என் வீட்டுக்காரர் லாரிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மசமசன்னு நிக்காத. தண்ணி நிக்கிறதுக்குள்ள டிரம்மை இறக்கணும், வந்து பிடி."