பத்துக்கு நாலு

“இதோட பதினேழு பேர அடிச்சிட்டேன். ஒரு தடவையும் பொலிசுல மாட்டல,” என்றான் வினோஜன்.

கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்த லோஜினி திடுக்கிட்டு நின்றுவிட்டாள். பிறகுதான் அவன் காதில் இருந்த ஹெட்போனையும், முன்னால் திரையில் சீறிக்கொண்டு ஓடும் காரையும் பார்த்தாள். சே, கேம்!

ஹட்டன் டவுனில் போட்டோகொப்பி கடை நடத்துகிறவன் வினோஜன். ஆனால் அவனைக் கேட்டால் கேம் விமர்சகன் என்பான். யூடியூபில் நானூறு பேர் பார்க்கிறார்களாம், அதற்கு இவ்வளவு மிதப்பு.

இன்றைக்கு அவன் கையில் மாட்டியது புதிதாக வந்த ஒரு கிரைம் கேம். பெரிய நகரம், அதில் இஷ்டத்துக்குத் திருடலாம், சுடலாம், ஆளை அடித்துவிட்டு ஓடலாம். அச்சு அசல் நிஜம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அந்த வார்த்தைதான் இவனுக்கு ஏறவில்லை.

“அண்ணே, நோட்டீஸ் ஒண்ணு அடிக்கணும். போன்ல இருக்கு, அனுப்பவா?”

“அனுப்பிட்டு அந்த ஸ்டூல்ல இரு. லைவ் போகுதுல்ல, கண்ணு தெரியல? எத்தன வேணும்?”

“நூறுண்ணே.”

திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு வரியும் படிக்காமல், பட்டனைத் தட்டிவிட்டான். கஷ்டத்தில் வருகிறவர்களிடம் காட்டத்தான் இந்த மாதிரி ஆட்களுக்கு அலட்சியம் மிச்சம் இருக்கும்.

மூலையில் பிரிண்டர் முதல் தாளைத் துப்பியது. ‘கடந்த வெள்ளி மாலை, வட்டவளை ரோட்டில் என் தந்தை பொன்னையாவை மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனத்தைக் கண்டவர்கள் தயவுசெய்து அறிவிக்கவும்.’ கீழே அவளுடைய போன் நம்பர்.

ஏழு நாளாக ஆஸ்பத்திரியில் அப்பா கண் திறக்கவில்லை. தோட்டத்து லயத்து வீடுகளிலோ, “குடிச்சிட்டு நடு ரோட்டுல விழுந்திருப்பாரு” என்று பேசி முடித்துவிட்டார்கள். அடித்தவனைத் தேடுவதைவிட அது சுலபம் அல்லவா!

லோஜினிக்கு அது பொய் என்று தெரியும். அப்பாவைத் தேடிப் போய் முதலில் கண்டவள் அவள்தான். அவர் கீழே தேயிலைக்குள் கிடந்தார். செருப்போ மேலே ரோடு வளையும் முடக்கில், முனியாண்டி சாமிக் கல்லுக்குப் பக்கத்தில், சேர்த்து வைத்தபடி இருந்தது. அந்த முடக்கைத் தாண்டும் தோட்டத்து ஆள் யாரானாலும் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார். குடிவெறியில் விழுகிறவர் செருப்பைச் சேர்த்தா வைப்பார்?

அந்தச் செருப்பு இப்போது அவள் மடியில் இருந்த பைக்குள் இருந்தது. ஒன்று நீலம், ஒன்று பச்சை. இரண்டு ஜோடியில் ஒவ்வொன்றை நாய் தூக்கிப் போனதில் மிஞ்சியவை. ஆட்கள் கூடுவதற்கு முன்பே எடுத்து வைத்தாள், இன்றுவரை யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள்.

“நல்லத மொதல்ல சொல்லிர்றேன்,” என்றான் வினோஜன் கெமராவைப் பார்த்து. “மழ சூப்பர். மிஸ்ட் வந்து மூடுனா வைப்பர் போட்டாலும் ஒண்ணும் தெரியல, நம்ம ரோடு மாதிரியேதான். பிரேக் அடிச்சா வண்டி வழுக்கிட்டுப் போறதும் கரெக்ட்.”

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“ஆனா ஆளுங்க இருக்கானுங்களே, த்தூ! ஹோர்ன் அடிச்ச ஒடனே தவளையாட்டம் தாவுறானுங்க. அடிபட்டவன் எந்திரிச்சு நின்னு திட்டுறான். எவனோ ஒருத்தன் பாத்துடுறான், ஒடனே பொலிசு வந்து நிக்குது. எந்த ஊருலடா இப்பிடி நடக்குது? மழையில, மிஸ்ட்ல எவன் பாக்கப் போறான்? போனா போனதுதான்!”

லோஜினி பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். இவன் சொல்வது உண்மைதானே. அன்றைக்கும் மழை, அன்றைக்கும் மிஸ்ட். யார் பார்த்திருப்பார்கள்? நூறு தாளும் வீண்தான் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

“‘அப்ப எப்பிடித்தான் இருக்கணும், பெரிய இவரு’ன்னு ஒருத்தன் கமெண்ட் போடுறான்.” வினோஜனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. மைக்கை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டான்.

“டேய், ஓட்டிப் பாத்தவனுக்குத்தான்டா தெரியும். முடக்குல ஒரு ஆள் நிக்கணும். கொட்டுற மழையில செருப்பக் கழட்டி வச்சிட்டு, கண்ண மூடி சாமிக் கல்லக் கும்பிட்டுக்கிட்டு நிக்கணும். ஹோர்ன் அடிச்சாலும் அசைய மாட்டான். இவனுங்களுக்கு ஒரு செருப்பு கூட வரையத் தெரியல, எல்லாம் புத்தம் புது ஜோடி! ஒண்ணு நீலம், ஒண்ணு பச்ச, அதையும் ஜோடின்னு சேத்து வச்சிருப்பான் பாரு, அதுதான்டா ரியல்! இந்தக் கேமுக்குப் பத்துக்கு நாலு. அதுவே ஜாஸ்தி.”

பிரிண்டர் இன்னும் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது. லோஜினி எழுந்தாள். பையைத் திறந்து, செருப்பு இரண்டையும் எடுத்து, அவனுடைய கீபோர்டின் மேல், கெமராவுக்கு நேராக வைத்தாள்.

நீலம் ஒன்று, பச்சை ஒன்று. வினோஜன் அதைப் பார்த்தான், பிறகுதான் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். வாய் திறந்தபடியே நின்றது. லைவ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“நோட்டீஸ் வேணாண்ணே, ஆளு கெடச்சிருச்சு.”