எதிர்த் தட்டு

கடைக்காரர் அந்தப் புது நாவலை ‘சமூகப் பிரச்சினைகள்’ தட்டில் செருகிவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்த, வரதட்சணைக் கொடுமை பற்றிய தடித்த புத்தகம் விசாரித்தது.

“உனக்கு என்னம்மா பிரச்சினை?”

“ஒண்ணுமில்ல. எனக்குள்ள ரெண்டு பொண்ணுங்க ஒருத்தியை ஒருத்தி காதலிக்கிறாங்க.”

“ஐயோ பாவம். கடைசியில யாரு சாகுறா?”

“யாரும் சாகல. வாடகைக்கு வீடு பிடிச்சுப் பால் காய்ச்சுறாங்க. பொங்கி அடுப்பெல்லாம் வழியுது.”

“அப்புறம் எதுக்கு இங்க வந்தே?”

“நானா வந்தேன்?” என்ற நாவல், எதிர்த் தட்டில் இருந்த காதல் கதைகளைப் பார்த்துக் குதித்தது. எட்டவில்லை. தரையில் விழுந்தது. கடைக்காரர் எடுத்துத் தூசி தட்டி, பழைய இடத்திலேயே வைத்தார். அது மறுபடி குதித்தது. அவரும் மறுபடி எடுத்து வைத்தார்.

“மூலையெல்லாம் நசுங்கிப்போச்சு. இனி உன்னை யாரு வாங்குவா?” என்றது தடித்த புத்தகம்.

“நசுங்கின காதல் கதைன்னு வாங்கட்டும். பிரச்சினைன்னு யாரும் வாங்க வேண்டாம்.”

தடித்த புத்தகம் மெல்ல நகர்ந்து வந்து நாவலின் முதுகில் சாய்ந்துகொண்டது.

“இந்தத் தடவை நான் தள்ளிவிடுறேன். எட்டிக் குதி.”