ஸ்டவ்வைத் தொடாத மருமகள்

“பைத்தியமா, வேசமான்னு நீயே கேளு டாக்டரு! கண்ணாலமாயி மூணு மாசமாவுது, பம்பு ஸ்டவ்வத் தொட மாட்டேங்கறா!”

டோல்கேட் பகுதி மனநல டாக்டரின் மேஜையில் ஓங்கித் தட்டினாள் குப்பம்மா. பக்கத்தில் மருமகள் ரமாபாய் தலைகுனிந்து நின்றாள்.

“நெருப்புன்னாலே பயமாம்மா?” என்று அவளைக் கேட்டார் டாக்டர்.

“இல்ல சார். அம்மா வூட்ல நான்தான் சமைப்பேன்.”

“கேட்டியா? அங்க வராத பயம் என் வூட்ல மட்டும் இன்னாத்துக்குடி வருது?” குப்பம்மா பல்லைக் கடித்தாள். “டாக்டராண்ட சொல்லுடி!”

ரமாபாய் நிமிர்ந்து மாமியாரை முறைத்தாள்.

“சார், இவங்க புள்ளைக்கு நான் மூணாவது பொண்டாட்டி. மொத ரெண்டு பேரும் ஸ்டவ் வெடிச்சி செத்துட்டாங்கன்னு ஊரையே நம்ப வெச்சாங்க. அதே ஸ்டவ்வத்தான் என்னையும் பத்த வெக்கச் சொல்றாங்க. ரெண்டு தபா வெடிச்ச ஸ்டவ்வு, ஒரு நசுங்கல்கூட இல்லாம முழுசா கீது சார்!”